விரல் நுனியில் இரண்டு சொட்டு

மாநில மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கு,

உங்கள் துறையின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிகளுக்கும் ஒரு முறை அரசுப் பள்ளிகளுக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. குழந்தையின் கண், காது, பல், தோல், எடை, உயரம் எல்லாவற்றையும் பார்த்துப் படிவத்தில் குறித்துக்கொள்கிறார்கள். ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய திட்டம் 2013-ல் தொடங்கியபோது தேட வேண்டிய 30 குறைபாடுகளைப் பட்டியலிட்டார்கள். கவனம் நிலைக்காமையும் அடங்காத துறுதுறுப்பும் சேர்ந்த ஏடிஹெச்டி அதில் ஒன்று. அதைப் பட்டியலில் சேர்த்தவர்களை மனமார மதிக்கிறேன். வாலு, அடங்காப்பிடாரி, மக்கு என்று பெயர் வாங்கிப் பிரம்படியும் வாங்கிய பிள்ளைகளைப் பற்றி, ‘இது திமிர் இல்லை, மருத்துவர் பார்க்க வேண்டியது’ என்று அரசே ஒப்புக்கொண்டது சிறிய காரியமல்ல. ஆனால் அதே குழு, அதே குழந்தையின் ரத்தத்தில் காரீயம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லிப் படிவத்தில் இடமே இல்லை. விளைவை எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அந்த விளைவுக்கான காரணங்களில் நம்மால் தடுக்க முடிந்த ஒன்றை எழுதக் கட்டம் இல்லை. அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் இந்த மடல்.

விதிகள் உங்களுக்குத் தெரியும். பெயின்டில் காரீயம் எவ்வளவு இருக்கலாம், பழைய பேட்டரியை யார், எங்கே, எப்படி உருக்கலாம் என்பதையெல்லாம் இங்கே எடுத்தெழுதப் போவதில்லை. ஒரே ஓர் ஆய்வை மட்டும் உங்கள் மேசைமேல் வைக்கிறேன். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. ‘என்விரான்மென்டல் ஹெல்த் பெர்ஸ்பெக்டிவ்ஸ்’ இதழில் 2009-ல் வெளிவந்தது. சென்னையில் மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள 756 பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்துக் காரீயத்தை அளந்தார்கள். சராசரி, டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அன்றைய எச்சரிக்கைக் கோடு 10. கோட்டைத் தாண்டியவர்கள் சிலர் என்று சொல்ல வழியில்லை, சராசரியே தாண்டியிருந்தது. பிறகு வகுப்பாசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளையின் நடத்தையையும் படிவத்தில் மதிப்பிட்டார்கள். குடும்ப வருமானம், பெற்றோரின் படிப்பு, ரத்தசோகை ஆகியவற்றின் பங்கைக் கழித்த பிறகும், ரத்தத்தில் காரீயம் கூடக்கூடப் பதற்றம் கூடியது, மற்றவர்களோடு பழகுவதில் சிக்கல் கூடியது, ஏடிஹெச்டி குறியீடும் கூடியது. நம் ஊர்ப் பிள்ளைகள், நம் ஊர் ஆசிரியர்கள், நம் ஊர் ஆய்வகம். அந்தக் கட்டுரையைவிடத் தெளிவான மனுவை எந்தக் குடிமகனும் எழுதிவிட முடியாது. அந்த 756 பேரில் கடைக்குட்டிக்குக்கூட இப்போது ஓட்டுரிமை வந்துவிட்டது. அவர்களுக்குப் பின் பிறந்த பிள்ளைகளில் ஒருவருக்கேனும் அங்கன்வாடியில் வழக்கமான பரிசோதனையாகக் காரீயம் பார்க்கும் நிலை வரவில்லை. அமெரிக்காவில் இன்று டெசிலிட்டருக்கு 3.5 இருந்தாலே வீடு தேடி வந்து விசாரிக்கச் சொல்கிறார்கள். நம் சராசரி அதைப் போல மூன்று மடங்கு.

அது காரீயம் கலந்த பெட்ரோல் காலத்து மிச்சம், 2000-ல் அந்தப் பெட்ரோலை நிறுத்தியதோடு கதை முடிந்தது என்பது வழக்கமாக வரும் முதல் பதில். முடியவில்லை என்பதற்கு வேலூர் சாட்சி. கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010 முதல் பிறந்த குழந்தைகளை, அதாவது பெட்ரோலில் காரீயம் போய்ப் பத்தாண்டு கழிந்த பின் வந்த குழந்தைகளை, பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். பதினைந்தாம் மாதத்திலும் இரண்டு வயதிலும் பார்த்தபோது ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு அளவு 10-ஐத் தாண்டியிருந்தது. பதினைந்து மாதம் என்றால் தவழ்ந்து முடித்து, சுவரைப் பிடித்து நடந்து, கையில் சிக்கியதையெல்லாம் வாயில் வைக்கும் பருவம். மண்தரை வீடுகளில் ஆபத்து இன்னும் கூடுதலாக இருந்தது. பெரியவர் வயிற்றில் போகும் காரீயத்தைவிடக் குழந்தை வயிற்றில் போவது நான்கைந்து மடங்கு அதிகமாக உடம்பில் ஒட்டுகிறது. உடம்பு அதைச் சுண்ணாம்புச்சத்து என்று எண்ணி ஏமாந்து எலும்பில் சேர்த்துவைக்கிறது, மூளைக்குள்ளும் விட்டுவிடுகிறது. தாயின் எலும்பில் இளமையில் சேர்ந்தது கர்ப்ப காலத்தில் கரைந்து கருவுக்கும் போகிறது. இரும்புச்சத்து நுழையும் குடல்வாசல் வழியாகவே காரீயமும் நுழைகிறது. இரும்புக்கு ஏங்கும் குடல் அந்த வாசலை அகலத் திறந்துவைக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது. அந்த எண்ணை நீங்கள் எத்தனையோ கூட்டங்களில் வாசித்திருப்பீர்கள். அது காரீயத்துக்கு அகலத் திறந்த வாசல்களின் எண்ணிக்கையும்கூட என்று எந்தக் கூட்டத்திலாவது யாராவது சொன்னார்களா?

இரண்டாவது பதில், இதெல்லாம் பரம்பரை என்பது. இரட்டையர் ஆய்வுகள் ஏடிஹெச்டியில் நான்கில் மூன்று பங்கை மரபணுவின் கணக்கில் வைக்கின்றன என்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்கு பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வேறுபாட்டை மட்டுமே அளக்கிறது. ஒரு தெருவின் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு காரீயம் போனால், அங்கே தெரியும் வேறுபாட்டில் காரீயத்துக்குப் பங்கே இல்லை என்றுதான் கணக்கு காட்டும். தெருவே பாதிக்கப்பட்டிருப்பது அதில் தெரியாது. ஆகவே மரபணுவின் பங்கு எவ்வளவு பெரிதானாலும் அது காரீயத்துக்கு விடுதலைப் பத்திரம் ஆகாது. பிள்ளையின் மரபணு உங்கள் கையில் இல்லை. அது விளையாடும் மண்ணும் சாப்பிடும் பாத்திரமும் உங்கள் எல்லைக்குள் இருக்கின்றன.

ஏழை வீட்டில் காரீயமும் இருக்கும், கவனிப்பாரற்ற பிள்ளையும் இருக்கும், இரண்டும் சேர்ந்திருப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடுமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அறிவியல் இதைத் தட்டிக்கழிக்கவில்லை. கர்ப்ப காலத்தில் தாய் புகைபிடித்தால் பிள்ளைக்கு ஏடிஹெச்டி வரும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஸ்வீடனில் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பெருமளவு கரைந்துபோனது. குறைப்பிரசவத்தை அதே முறையில் சோதித்தபோது தொடர்பு கரையவில்லை. அதாவது சந்தேகப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் புடைத்துப் பார்க்கும் வழக்கம் இந்தத் துறையில் உண்டு. காரீயத்தைப் புடைத்தது 1979-லேயே தொடங்கிவிட்டது. ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர் பாஸ்டனுக்குப் பக்கத்தில் செல்சி, சாமர்வில் ஊர்களின் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து விழுந்த பால் பற்களைச் சேகரித்தார். ரத்தம் சமீபத்துக் காரீயத்தை மட்டும் காட்டும், பல் பழையதையும் சேர்த்துவைத்திருக்கும் என்பதால் பல். ஆசிரியர்களிடம் 11 கேள்விகள் கேட்டார்: எளிதில் கவனம் சிதறுகிறானா, சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்கிறானா, இருப்புக்கொள்ளாமல் இருக்கிறானா என்ற மாதிரியான கேள்விகள். 2,146 பிள்ளைகளைப் பற்றி வந்த பதில்களைப் பல்லில் இருந்த காரீயத்தின் வரிசையில் அடுக்கினால், புகார் படிப்படியாக ஏறியது. அதே பிள்ளைகளில் ஒரு பகுதியினரை 11 ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்தபோது, பல்லில் காரீயம் அதிகமிருந்தவர்கள் பள்ளிப் படிப்பைப் பாதியில் விடும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் இருந்தது. கைபேசிதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பவர்களுக்கு ஒன்று: நீடில்மனின் பிள்ளைகள் யார் கையிலும் கைபேசி இல்லை. 2006-ல் வெளிவந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், நான்கு முதல் 15 வயது வரையுள்ள 4,704 பேரில் ரத்தத்தில் காரீயம் மிகுந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு ஏடிஹெச்டி வாய்ப்பு நான்கு மடங்காக இருந்தது. மிகுந்த என்று அவர்கள் சொன்ன பிரிவு தொடங்குவதே 2 மைக்ரோகிராமில். சென்னைச் சராசரி 11.4 என்பதை மறந்துவிடாதீர்கள்.

காரீயத்தைக் கண்டுபிடித்து என்ன செய்ய, நேர்ந்ததைத் திருப்பும் மருந்தா இருக்கிறது என்று உங்கள் அலுவலர்கள் கேட்கலாம். இல்லை. ரத்தத்தில் காரீயம் 20 முதல் 44 மைக்ரோகிராம் வரை இருந்த 780 குழந்தைகளுக்கு அமெரிக்காவில் காரீயத்தை வெளியேற்றும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அளவு இறங்கியது. அறிவுத்திறனிலோ நடத்தையிலோ எந்த முன்னேற்றமும் இல்லை. போனது போனதுதான். மருந்து இல்லாததாலேயே பரிசோதனை வேண்டும். ஒரு குழந்தையின் ரத்தம், இந்த வீட்டில், இந்தத் தெருவில் எங்கிருந்தோ காரீயம் வருகிறது என்று காட்டிக்கொடுக்கிறது. அந்தக் குழந்தைக்குத் தாமதமானாலும் அதன் தங்கைக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் தாமதமாகாது.

இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அது நம் சமையலறையைத் தொடுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் குடியேறிய ஆப்கானிய அகதிக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் காரீயம் அதிகம் என்று பரிசோதனையில் தெரிந்தது. சியாட்டில் நகரம் உள்ள கிங் கவுண்டி அலுவலர்கள் வீடுகளுக்குப் போய்த் தேடினார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குக்கரிலும் பாத்திரங்களிலும் சந்தேகம் விழுந்தது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை அந்தப் பாத்திரங்களில் காய்ச்சி, ஒரு நாள் வைத்திருந்து அளந்தார்கள். காரீயம் கரைந்து இறங்கியிருந்தது. கழிவு உலோகத்தை உருக்கி வார்க்கும் பாத்திரத்தில் இது நடக்கும். 2024-ல் அந்த மாநிலம் காரீயப் பாத்திர விற்பனைக்குத் தடைச் சட்டம் போட்டது. 2025-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நாடு முழுக்க எச்சரிக்கை விடுத்தது. அந்த எச்சரிக்கையில் இந்தியாவில் தயாரான பாத்திரமும் இண்டாலியம் என்ற பெயரும் இருந்தன. இண்டாலியம் சட்டியில் புளி கரைத்து ஊற்றிக் கொதிக்கவிடும் வீடுகள் எவை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எல்லா இண்டாலியமும் நஞ்சு என்று நான் சொல்லவில்லை. எது நஞ்சு, எது இல்லை என்று நம் பாத்திரத்தைப் பற்றிச் சியாட்டில்காரர் கண்டுபிடிக்கும் நிலை ஏன் வந்தது? அங்கே ஓர் அகதிக் குழந்தையின் விரலைக் குத்திப் பார்த்தார்கள். இங்கே சொந்தக் குழந்தையின் விரலைக் குத்திப் பார்க்கவில்லை.

செலவு என்று மட்டும் சொல்லாதீர்கள். ரத்தசோகை பார்க்க விரலைக் குத்தும் ஊசி உங்கள் ஊழியர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. காரீயத்தை அளக்கும் கையடக்கக் கருவிக்கு விரல் நுனியில் இரண்டு சொட்டு ரத்தமும் மூன்று நிமிடமும் போதும். கண்டுபிடித்தாலும் ஒன்றும் நடக்காது என்றும் சொல்லாதீர்கள். வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்றக் காரீயச் சேர்மமான லெட் குரோமேட்டைக் கலந்தார்கள். 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் அது இருந்தது. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருந்த காரீயம் மஞ்சளிலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள், அரசு சந்தையில் இறங்கி அபராதம் போட்டது, 2021-ல் அந்த 47 பூஜ்யமானது. நம்மைவிடப் பணக்கார நாடல்ல அது.

பன்னிரண்டாம் மாதம் ஒரு முறை, இருபத்துநான்காம் மாதம் ஒரு முறை ஒவ்வொரு குழந்தைக்கும் ரத்தத்தில் காரீயம் பாருங்கள். அளவு ஏறியிருந்தால் தாயைக் குற்றம் சொல்லாமல் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள்: பாத்திரம், கண் மை, உதிரும் சுவர்ப் பெயின்ட், பக்கத்தில் பேட்டரி உடைக்கும் கொட்டகை, அப்பா வேலைக்குப் போட்டுப் போய்வரும் சட்டை. இதைச் செய்தால் ஏடிஹெச்டி ஒழிந்துவிடும் என்று எவராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் உட்கார முடியாமல் தவிக்கும் பிள்ளைகளில் சிலருடைய தவிப்பை நாம்தான் சோற்றில் கலந்து கொடுத்தோம் என்று தெரிந்த பிறகும், அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே ஏடிஹெச்டி என்று டிக் அடித்து, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதிக் கொடுத்து, அடுத்த ஊருக்கு வண்டி ஏறும் இந்த வேலையை எந்த மனதோடு மேற்பார்வை பார்க்கிறீர்கள்? 2009-ல் தெரிந்தது. வேலூரில் மறுபடி தெரிந்தது. நாட்டில் 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாம் என்று 2020-ல் யுனிசெஃப் சொன்னது. இன்னும் எத்தனை முறை தெரிய வேண்டும்?

உங்கள் குழு அடுத்த முறை அங்கன்வாடிப் படியேறும்போது பையில் அந்தக் கருவி இருக்க வேண்டும், படிவத்தில் அந்தக் கட்டம் இருக்க வேண்டும். இருக்குமா, இருக்காதா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இந்த மாநிலத்துக் குடிமகன் ஒருவன்