கொட் மீனைத் தின்றது ஆர்?

நியூஃபவுண்ட்லாந்தில் கொட் மீனைப் பற்றிப் பேச்செடுத்தால் அஞ்சு நிமிசத்துக்குள் கடல்நாய் வந்துவிடும். ஹார்ப் கடல்நாய் இலட்சக்கணக்கில் பெருகிவிட்டது, மீனெல்லாம் அதுகள்தான் தின்னுதுகள் எண்டு. 1995இல் மத்திய மீன்பிடி அமைச்சர் பிரையன் டோபினே, கொட் மீனை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் பெரிய ஆள் ஹார்ப் கடல்நாய்தான் என்ற பொருளில் பேசினார். அமைச்சருக்கு இதைவிட வசதியான எதிரி கிடைக்குமோ? வாக்குப் போடாது, வழக்கும் போடாது.

கணக்கைப் பாருங்கோ. 1968இல் இந்தக் கடலில் பிடிபட்ட கொட் எட்டு இலட்சம் தொன். பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறையவைக்கும் பெரிய ட்றோலர்கள் ஐரோப்பாவிலிருந்தும் சோவியத் ஒன்றியத்திலிருந்தும் வந்து குவிந்த காலம் அது. பத்து வருசத்தில் பிடிபாடு ஒன்றரை இலட்சம் தொன்னுக்கும் கீழே போய்விட்டது. அதே காலத்தில் வேட்டையால் கடல்நாய்களும் குறைந்துகொண்டே வந்தன. 1970களின் தொடக்கத்தில் இருபது இலட்சம்கூட இல்லை. மீனும் குறையுது, கடல்நாயும் குறையுது. அப்ப தின்றது ஆர்?

1977இல் கனடா 200 கடல் மைல் எல்லையை அறிவித்தது. வெளிநாட்டுக் கப்பல்கள் விலக, அந்த இடத்துக்குக் கனடியக் கம்பனிகளின் ட்றோலர்கள் வந்தன. கொடி மாறியது, மடி மாறவில்லை. இழுவைமடி கடலடியை வழித்துக்கொண்டு போனால் கரையோரத்துக்காரனுக்கு என்ன மிஞ்சும் எண்டு யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஒரு மீனவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நியூஃபவுண்ட்லாந்தின் சின்னப் படகுக்காரரும் 1980களின் நடுவிலேயே சொன்னார்கள்: மீன் குறையுது, வாற மீனும் சின்னனாகுது. அரசின் மதிப்பீடுகளோ மீன் பெருகுது என்றன. படகுக்காரரின் அனுபவம் தரவு இல்லையாம். 1992 ஜூலை 2ஆம் திகதி கொட் பிடிப்பு நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேருக்கு ஒரே அடியில் வேலை போனது.

கடல்நாய் மீன் தின்னாது எண்டு நான் சொல்லவில்லை. தென் சென் லோரன்ஸ் வளைகுடாவில் கொட் மீளாமல் கிடப்பதற்குச் சாம்பல் கடல்நாய்கள் முக்கிய காரணம் என்று மீன்பிடித் திணைக்கள விஞ்ஞானிகளே சொல்கிறார்கள். அது வேறு இனம், வேறு கடல். வடக்குக் கொட்டின் கதையில் பெரிய விசயம் கேப்லின் என்ற சின்ன மீன். கொட்டுக்கும் அதுதான் சாப்பாடு, ஹார்ப் கடல்நாயும் அதைத்தான் தேடுது. 1990களின் தொடக்கத்தில் சரிந்த கேப்லின் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. ஆனாலும் அதைப் பிடித்துச் சினையோடு ஏற்றுமதி செய்ய அனுமதி குடுபட்டுக்கொண்டே இருக்கு. இதைப் பற்றி எத்தனை அமைச்சர்கள் மேடையில் கத்தியிருக்கினம்?

மற்றப் பக்கத்திலும் எனக்குக் கோபம் உண்டு. எங்கட தோழர்களே சிலர் வெள்ளைக் குட்டிகளின் படத்தைப் பகிர்ந்து கண்ணீர் விடுகிறார்கள். அந்தக் குட்டிகளை வணிகத்துக்காகக் கொல்வதைக் கனடா 1987இலேயே தடைசெய்துவிட்டது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் கடல்நாய்ப் பொருட்களைத் தடைசெய்தபோது இனுயிட் மக்களுக்கு விலக்கு எண்டு எழுதி வைத்தது. சந்தையே விழுந்த பிறகு கடதாசி விலக்கை வைத்து என்ன செய்வது? பட்டினி கிடக்காத நகரங்களின் இரக்கத்துக்கு வடதுருவத்து வேட்டைக்காரர் விலை குடுத்தார்கள்.

இப்ப நடப்பதுக்கு வாறன். 2024 ஜூனில் தடையை நீக்கி 18,000 தொன் பிடிக்க ஒட்டாவா அனுமதித்தது. ஆழ்கடல் ட்றோலர்களுக்கும் அதில் பங்கு. முதல் 115,000 தொன் கரையோர மீனவர்களுக்கும் பழங்குடி மக்களுக்கும்தான் என்பது 1980களிலிருந்து சொல்லப்பட்டுவந்த வாக்குறுதி. 18,000 எங்கே, 115,000 எங்கே? நியூஃபவுண்ட்லாந்து மீனவர் சங்கம் உடனே எதிர்த்தது. அடுத்த வருசம் அளவு 38,000 தொன்னாக ஏறியது. ட்றோலர்கள் வெளியே போகவில்லை.

அந்தச் சங்கத்துக்கு ஆதரவாக எங்கட கூட்டு ஒரு கடிதம் எழுதவேணும், இந்தக் குளிர்காலத்துக்குள். கேட்கவேண்டியது ஒன்றுதான்: 115,000 தொன் வரும்வரை ஆழ்கடல் ட்றோலர்களுக்கு ஒரு தொன்னும் இல்லை. கடிதத்தில் கடல்நாய் என்ற சொல்லே தேவைப்படாது.