கேளிக்கையும் கைவிலங்கும்

தொழில்நுட்பம் நடுநிலையானது, அதன் நன்மை தீமைகளுக்குக் கையாள்பவரே பொறுப்பு என வாதிடுவோர் இன்றும் உளர். அவ்வாதத்தின் வறுமையை அறிய, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் என்னும் கேளிக்கைப் பூங்காவில் 2013ஆம் ஆண்டு அறிமுகமான ‘மஜிக்பாண்ட்’ என்ற கைப்பட்டியை நோக்கினாலே போதும்.

இப்பட்டி விடுதி அறையின் கதவைத் திறக்கும்; பூங்காவின் நுழைவுச் சீட்டாகும்; உணவுக்கும் பொம்மைக்கும் பணம் செலுத்தும். இவ்வசதிகள் மெய்யானவை, மறுப்பதற்கில்லை. ஆயின், இவையனைத்துக்கும் பட்டியை ஒரு கருவியின் அருகே காட்டினாற் போதுமானது. அவ்வாறிருக்க, தூரத்திலிருந்தே இனங்காணத்தக்க வானொலி அலைகளை அனுப்பும் கருவியொன்றும், அதை இயக்கும் மின்கலமும் அதனுள் வைக்கப்பட்டதேன்? சவாரியின்போது எடுக்கப்படும் படங்களை உரியவரின் கணக்கிற் சேர்ப்பதற்கென்பது நிர்வாகத்தரப்பு விளக்கம். அணிந்தவர் எங்கு நிற்கின்றார் என்பதை அறியும் ஆற்றலும் அதனுடனேயே நிர்வாகத்தின் கைக்கு வந்துவிடுகின்றது.

குழந்தைகளைப் பற்றிய எத்தகைய தகவல்கள் திரட்டப்படும் என 2013 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் எட்வேர்ட் மார்க்கி வினவினார். கம்பனியின் தலைவர் பொப் ஐகர் அவ்வையத்தை அடிப்படையற்றதெனக் கடிந்து மறுத்தார். விரும்பாதோர் பட்டிக்குப் பதிலாக அட்டையைப் பயன்படுத்தலாம் என்பதும் கம்பனி கூறிய சமாதானமாகும். உண்மையில், கம்பனிக்கெதிரான வலிய சாட்சி அவ்வட்டையே. அதில் தூர அலைக் கருவி இல்லை. எனினும் கதவு திறந்தது, வாயில் வழிவிட்டது, பணமும் செலுத்தப்பட்டது. எனவே, வசதிக்காகக் கண்காணிப்பை ஏற்றேயாக வேண்டும் என்ற வாதம் அங்கேயே தகர்ந்துபோகின்றது.

தொடக்கத்தில் பூங்காவின் விடுதிகளில் தங்குவோருக்கு இலவசமாக வழங்கப்பட்ட பட்டி, 2021இலிருந்து விற்பனைப் பண்டமாயிற்று. தம்மை இனங்காட்டும் கருவியைத் தாமே விலைகொடுத்து வாங்கி, அதில் தமக்குப் பிடித்த கேலிச்சித்திரப் பாத்திரத்தையும் தெரிவு செய்கின்றனர் மக்கள். வளர்ந்தோர் அறிந்தே இணங்கினர் எனலாம். மூன்று வயதுக் குழந்தையின் இணக்கத்தை யார் பெற்றார்? கண்காணிக்கப்படுவதை விளையாட்டாகவும் மாயமாகவும் கற்கும் குழந்தை, நாளை பாடசாலையிலும் தொழிற்றலத்திலும் அதனை எதிர்த்துக் கேள்வி எழுப்புமா?

கேளிக்கை வேண்டாமென்பது எமது வாதமன்று. திறவுகோல் திறவுகோலாக மட்டுமே இருக்கட்டும். திரட்டிய பதிவுகளை அணிந்தவர் பார்க்கவும், வீடு திரும்பியதும் அவற்றை அழிக்குமாறு கோரவும் உரிமை வேண்டும். இவ்வுரிமை மறுக்கப்படும்வரை, எத்துணை வண்ணம் பூசினும் விலங்கு விலங்கே.