கண் தாழ்த்தியவர்களின் நியாயம்

மெல்பர்னுக்குக் கிழக்கே, டாண்டினாங் மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் த பேசின். மெல்பர்னுக்கும் அதன் புறநகர்களுக்கும் வந்து குடியேறிய தமிழர் பலருக்கு ஒரு விஷயம் தாமதமாகத்தான் பிடிபட்டது. பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்திப் பேச வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். இங்கே வேலை நேர்காணலில் அதே தாழ்ந்த கண், தன்னம்பிக்கை இல்லாததற்கு அடையாளமாகிவிட்டது. நம் மரியாதை அவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் எதிர்பார்ப்பு நமக்குப் புரியவில்லை. ஆனால் பழியும் திருத்திக்கொள்ளும் கடமையும் நம் தலையில் மட்டும் விழுந்தன.

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பிறந்த வீட்டிலேயே, தாய்மொழியிலேயே, பழியைத் தாங்களே சுமக்கும் இதே நிலையில் வாழ்கிறார்கள்.

1943-இல் அமெரிக்க மனநல மருத்துவர் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடு ஆட்டிசம் மருத்துவ உலகில் பரவலாக அறியப்படலாயிற்று. 1985-இல் லண்டனில் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, யூட்டா ஃப்ரித் ஆகியோர் பொம்மைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினர். சாலி என்ற பொம்மை கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டுப் போகிறது. ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டியில் ஒளிக்கிறது. திரும்பி வரும் சாலி எங்கே தேடும்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். பிறர் மனத்தை ஊகிக்கும் திறன் அவர்களுக்குக் குறைவு என்ற கருத்து அங்கிருந்து பாடநூல்களில் ஏறியது. சரியாகச் சொன்ன நான்கு பேரை உலகம் மறந்துவிட்டது.

குழந்தைகள் வளர்ந்தார்கள். பெரியவர்களில் பலர் அந்தப் பொம்மைச் சோதனையை எளிதாகக் கடந்தார்கள். உடனே கடினமான கதைகளும் கண்களை மட்டும் காட்டும் புகைப்படங்களும் சோதனைகளாக வந்தன. சோதிக்கப்பட்டது எப்போதும் ஒரு பக்கம்தான். இவர்கள் மனத்தை மற்றவர்களால் ஊகிக்க முடிகிறதா என்ற கேள்விக்கு வெகுகாலம் ஆய்வுக்கூடத்தில் இடமே இல்லை.

அந்தக் கேள்வி எழுவதற்கான சூழலை உருவாக்கியதில் ஆஸ்திரேலியாவுக்கும் பங்கு உண்டு. 1963-இல் மெல்பர்னில் பிறந்த டோனா வில்லியம்ஸ், சிறுவயதில் காது கேளாதவர் என்றுகூடச் சந்தேகிக்கப்பட்டவர். 1992-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறு, ஆட்டிசத்தின் உள்ளிருந்து ஒலித்த குரலை உலகெங்கும் கொண்டுபோனது. 1998-இல் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜூடி சிங்கர் தம் ஆய்வேட்டை முடித்தார். தம் தாயிடமும் மகளிடமும் தம்மிடமும் கண்ட இயல்புகளிலிருந்து தொடங்கிய சிந்தனை அது. மூளைகள் பலவகை, அந்த வேறுபாட்டை நோயாக மட்டும் பார்க்கக் கூடாது என்று ஆட்டிசம் உள்ளோர் கூட்டாக வளர்த்துவந்த கருத்துக்குக் கல்வியுலகில் கிடைத்த முதல் வடிவங்களில் ஒன்று அந்த ஆய்வேடு.

2012-இல், தாமே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டனின் டேமியன் மில்டன் இதைக் கூர்மையாகச் சொன்னார்: புரியாமை இருபக்கமும் இருக்கிறது. 2017-இல் அமெரிக்காவில் நோவா சாசனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு அதற்கு வலு சேர்த்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் காணொளியைச் சில நொடிகள் பார்த்தவர்களே இவர்களோடு பழகத் தயங்கினார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் வாசித்தவர்களிடம் அந்தத் தயக்கம் இல்லை. சொன்ன விஷயத்தில் குறையில்லை. குரலும் முகமும் வேறாக இருந்ததே விலக்கப் போதுமானதாக இருந்தது. இதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

இதனால் எல்லா இடர்களும் சமூகத்தின் கற்பனை என்று ஆகிவிடாது. பேச்சே வராதவர்கள் இருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் துணை தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். இருபக்கப் பொறுப்பு என்பது அந்தத் துணையைக் குறைப்பதற்கான சாக்கு அல்ல. ஆஸ்திரேலிய அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட தேசிய ஆட்டிச உத்தி 2031 வரைக்குமானது. அதன் வெற்றியை, ஆட்டிசம் உள்ளவர்கள் எவ்வளவு மாறினார்கள் என்பதை வைத்து அளக்கக் கூடாது. பணியிடங்களும் மருத்துவமனைகளும் எவ்வளவு மாறின என்பதே அளவுகோல்.

தமிழ் வீடுகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆட்டிசத்துக்கு 'மன இறுக்கம்' என்று பெயர் வைத்து, இறுக்கம் முழுவதையும் அவர்கள் மனத்திலேயே வைத்துவிட்டோம். கல்யாண வீட்டில் ஒதுங்கி நிற்கும் முப்பது வயதுத் தம்பியை "மாமாவைப் பார்த்துப் பேசுடா" என்று இழுக்கிறோம். அந்த இரைச்சலில், மாமாவின் கண்ணைப் பார்த்தால் அவர் சொல்வது காதில் ஏறாது என்பதால் அவன் தரையைப் பார்த்திருக்கலாம். கேட்டால் சொல்வான். கேட்பதில்லை.

கானர் முதலாவதாக விவரித்த குழந்தை டோனல்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கால்ஃப் ஆடினார், தனியே பல நாடுகளுக்குப் போய்வந்தார். 2023-இல், 89 வயதில் காலமானார். அவர் குடும்பத்துக்கு வசதி இருந்தது உண்மை. அதோடு ஊரும் அவரை அவர் இயல்போடு ஏற்றுக்கொண்டது. அந்த ஊரில் யாரும் உளவியல் படித்துவிட்டு அப்படி நடக்கவில்லை. பல ஆண்டுகள் கூடவே வாழ்ந்து அவரை அறிந்துகொண்டார்கள். கண் தாழ்த்தியதற்காகத் தவறாக எடைபோடப்பட்ட நமக்கு, அந்த ஊர் செய்ததைச் செய்ய எந்தப் பயிற்சியும் தேவையில்லை.