தொண்டுக்கு மரியாதை கொடு! உழைப்புக்கு உரிமை கொடு!

அமெரிக்காவில் ஏழை ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கும் சமூக சுகாதார மையங்கள் உள்ளன. அந்த மையங்களில், 'அமெரிகார்ப்ஸ்' என்ற தேசிய சேவைப் படையைச் சேர்ந்த வாலிபர்களை ஓராண்டுக்கு ஏற்று, அவர்களைக் கொண்டு வேலை வாங்கும் முறை பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. இது ஜனங்களுக்கு நன்மையா? அங்கே வேலை செய்யும் தொழிலாளிகளுக்குக் கேடா? தொழிலாளி வர்க்கம் இதில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

கடல் கடந்த விவகாரம் நமக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். மில்லில் ஆண்டுக் கணக்கில் பதிலியாகவும் அப்ரண்டிஸாகவும் ஓடிக் களைத்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். உழைப்பை உழைப்பு என்று ஒப்புக்கொள்ளாமல், வேறு ஒரு நல்ல பெயரைச் சூட்டி, அந்தப் பெயரைக் காட்டியே கூலியையும் உரிமையையும் குறைக்கும் வித்தை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

பருத்திக் காட்டில் பிறந்த மையங்கள்

முதலில் இந்த மையங்கள் எப்படிப் பிறந்தன என்று பார்ப்போம். இவை பணக்காரர்களின் தயவால் வந்தவை அல்ல. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் கொதித்துக் கொண்டிருந்த 1960-களில், அந்தப் போராட்டத்தின் நெருக்குதலால் வந்தவை. 1964-ல் மிசிசிப்பி மாநிலத்தில் வாக்குரிமை இயக்கத்துக்குத் துணையாகச் சென்ற டாக்டர்களில் ஜாக் கெய்கர் ஒருவர். தென்னாப்பிரிக்காவில் சிட்னி கார்க், எமிலி கார்க் தம்பதியர் நடத்திய கிராம சுகாதார மையத்தில் 1957-ல் மாணவராக இருந்து பார்த்த அனுபவம் அவருக்கு உண்டு. அவரும் டாக்டர் கவுண்ட் கிப்சனும் சேர்ந்து, 1965 டிசம்பரில் பாஸ்டன் நகரத்தில் கொலம்பியா பாயிண்ட் என்ற ஏழைகள் குடியிருப்பில் முதல் மையத்தைத் திறந்தார்கள். 1967-ல் மிசிசிப்பியின் மவுண்ட் பேயூ ஊரில் அடுத்த மையம் எழுந்தது.

மவுண்ட் பேயூ, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் 1887-ல் உண்டாக்கிய ஊர். சுற்றிலும் பருத்திக் காடு. வாரத்துக்கு உழுதும் பருத்தி பறித்தும் வயிறு வளர்த்த குடும்பங்களின் வேலையை, பருத்தி பறிக்கும் யந்திரமும் களைக்கொல்லி மருந்தும் பறித்துக் கொண்டன. மையத்துக்கு வந்த குழந்தைகளுக்கு நோய் என்னவென்று பார்த்தால், பட்டினிதான் நோய்! டாக்டர்கள் மருந்துச் சீட்டிலேயே பால், காய்கறி, இறைச்சி என்று எழுதிக் கொடுத்தார்கள். மளிகைக் கடைக்காரர் அந்தச் சீட்டுக்குச் சாமான் கொடுத்து, மையத்தின் மருந்துக் கணக்கில் பணம் வாங்கிக் கொண்டார். மேலிடத்து அதிகாரிகள் இது என்ன அக்கிரமம் என்று குதித்தார்கள். பட்டினி என்ற நோய்க்கு வைத்தியப் புத்தகம் சொல்லும் மருந்து சோறுதானே என்று கெய்கர் திருப்பிக் கேட்டார். அதோடு நின்றார்களா? கிணறு வெட்டினார்கள், கக்கூஸ் கட்டினார்கள். வேலை இழந்த குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, கூட்டுறவுப் பண்ணை அமைத்துத் தங்கள் உணவைத் தாங்களே பயிரிட்டன.

பண்ணைக்குப் பண்ணை இடம் பெயரும் கூலிகளுக்கான வைத்தியத்துக்கு சர்க்கார் பணம் தருவதற்கு 1962-லேயே ஒரு சட்டம் வந்திருந்தது. இந்த ஓடைகளெல்லாம் சேர்ந்து ஆறாகி, 2023-ம் ஆண்டில் 3 கோடிக்கு மேற்பட்டோர் இம்மையங்களில் வைத்தியம் பெற்றார்கள். சர்க்கார் மானியம் பெறும் மையத்தின் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் அங்கே வைத்தியம் பெறும் நோயாளிகளாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தோழர்கள் இதை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பிறகு இதற்கு வருவோம்.

சேவைப் படையின் கணக்கு

வறுமை ஒழிப்பு என்ற கோஷத்தோடு 1964-ல் வந்த சட்டம் 'விஸ்டா' என்ற தொண்டர் படையை உண்டாக்கியது. 1993-ல் வந்த சட்டம் அமெரிகார்ப்ஸை அமைத்து, விஸ்டாவையும் அதில் இணைத்தது. முழுநேரமாகச் சேருபவர் ஒரு தவணையில் 1,700 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். மில் கணக்கில் பார்த்தால், எட்டு மணி நேர ஷிப்டு 212-க்கு மேல் வருகிறது.

சுகாதார மையத்தில் இவர்கள் செய்யும் வேலை என்ன? இன்ஷூரன்ஸ் மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். இங்கிலீஷ் தெரியாத பண்ணைக் கூலிக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்கிறார்கள். நீரிழிவுக்காரர் ஏன் மருந்து வாங்க வரவில்லை என்று தேடிப் போகிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் தாய்மார்களுக்கும் சுகாதார விஷயங்களை விளக்குகிறார்கள். இதெல்லாம் இல்லாவிட்டால் டாக்டர் எழுதும் சீட்டு வெறும் காகிதம். ஆகவே இது வெறும் ஒத்தாசை வேலை என்று யாரும் சொல்ல முடியாது. வைத்தியத்தில் இது சரிபாதி.

இந்த வேலைக்கு என்ன கிடைக்கிறது? அதைச் சம்பளம் என்று சொல்லக் கூடாதாம், 'ஜீவனப் படி'யாம்! விஸ்டா தொண்டருக்கு வறுமைக் கோட்டை ஒட்டியே படி நிர்ணயிக்கிறார்கள். ஏழைகளோடு ஏழையாக வாழவேண்டும் என்பது அதற்குச் சொல்லும் தத்துவம். தவணை முடிந்தால் படிப்புச் செலவுக்கு ஒரு தொகை தருகிறார்கள். 2024-25 நிதியாண்டில் முழுநேரத் தவணைக்கு அது 7,395 டாலர். அதையும் வருமானமாகக் கணக்கிட்டு வரி வாங்கிக் கொள்கிறார்கள். படியிலிருந்து மிச்சம் பிடிக்க வழியில்லாததால், வீட்டில் வசதி உள்ள பிள்ளைகளுக்கே இந்த 'தியாகம்' எளிதாகிறது. ஏழை வீட்டுப் பிள்ளை சேர்ந்தால் கடனோடு வெளியே வருகிறான்.

சட்டத்தின் பார்வையில் இவர்கள் ஊழியர்கள் அல்ல, 'உறுப்பினர்கள்'. தவணை முடிந்து வேலையின்மைக் காப்பீடு கேட்டால், நீ ஊழியனே அல்லவே என்ற பதில்தான் பல மாநிலங்களில் கிடைக்கும். சேவை நேரத்தில் தொழிற்சங்கம் அமைக்க உதவக் கூடாது, வேலை நிறுத்தத்திலும் கிளர்ச்சியிலும் சேரக் கூடாது என்று விதியும் உண்டு. நமது மில் வாலிபர்களுக்கு இந்தப் பாட்டு பழக்கமானதுதான். இந்நாட்டின் 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டமும், அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவனே ஒழியத் தொழிலாளி அல்ல என்றுதானே 18-வது பிரிவில் எழுதி வைத்தது?

சட்டத்தில் உள்ள ஆயுதம்

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது நமது வழக்கமல்ல. அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் இந்தச் சட்டத்தில் சில வேலிகளைப் பெற்றிருக்கின்றன. இருக்கிற ஊழியரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் சேவை உறுப்பினரை வைக்கக் கூடாது. ஆட்குறைப்பில் போனவரின் வேலையைக் கொடுக்கக் கூடாது. வேலை நிறுத்தம் செய்பவரின் வேலையையும், கதவடைப்பில் வெளியே நிற்பவரின் வேலையையும் கொடுக்கவே கூடாது. மானியம் கேட்கும் நிறுவனமே உறுப்பினர்களைத் தன்னிடத்தில் ஏற்பதானால், அதே மாதிரி வேலை செய்யும் ஊழியர்களுக்கு அங்கே சங்கம் இருந்தால், அந்தச் சங்கத்தின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்.

இவை சின்ன விஷயங்கள் அல்ல. ஆனாலும் வேலியில் ஓட்டை இருக்கிறது. இருக்கிற ஆளை வெளியேற்றக் கூடாது என்கிறது சட்டம். புதிதாக ஒரு நிரந்தர ஆளை எடுக்காமலே காலம் தள்ளினால்? இந்த ஆண்டு ஒரு வாலிபர், அடுத்த ஆண்டு இன்னொருவர், அதற்கடுத்த ஆண்டு வேறொருவர் என்று பத்தாண்டு ஓட்டினால்? அந்த இடத்தில் ஒரு நிரந்தர வேலை மறைந்து கிடக்கிறது என்பதை யார் கேட்பது? நோயாளிக்கும் நஷ்டமே. ஊர் பழகி, வீடு தெரிந்து, நம்பிக்கை பிறக்கிற நேரத்தில் தவணை முடிந்துவிடுகிறது. மறுபடியும் புதிய முகம். மறுபடியும் முதலிலிருந்து பேச வேண்டும்.

ஒரே உத்தரவு, 32,000 பேர்

இந்த அமைப்பு எவ்வளவு பலவீனமானது என்பது 2025 ஏப்ரலில் அம்பலமாயிற்று. டிரம்ப் சர்க்கார் ஏறத்தாழ 40 கோடி டாலர் அமெரிகார்ப்ஸ் மானியத்தை ஒரேயடியாக ரத்து செய்தது. சுமார் 32,000 பேரின் சேவை பாதிக்கப்பட்டது. நேற்றுவரை 'தேசத்தின் நம்பிக்கை நட்சத்திரங்கள்' என்று புகழப்பட்டவர்களுக்கு நோட்டீஸ் காலமும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை. பல மாநில சர்க்கார்கள் கோர்ட்டுக்குப் போயின. ஜூன் மாதத்தில் நீதிபதி ஒருவர், வழக்குப் போட்ட மாநிலங்களில் மானியத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவிட்டார். அடுத்த நிதியாண்டுக்கு அந்த ஸ்தாபனத்தையே மூடும் யோசனையை வெள்ளை மாளிகை முன்வைத்தது.

அதே 2025 ஜூலையில், ஏழைகளுக்கான மெடிகெய்ட் வைத்திய உதவியை வெட்டும் சட்டத்தில் டிரம்ப் கையெழுத்திட்டார். இதனால் 2034-க்குள் சுமார் ஒரு கோடிப் பேர் இன்ஷூரன்ஸ் இழப்பார்கள் என்று அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் வரவு செலவு அலுவலகமே கணக்கிட்டது. அவர்கள் எங்கே போய் நிற்பார்கள்? இதே சுகாதார மையங்களின் வாசலில்தான். ஒரு கையால் நோயாளிகளைப் பெருக்குவது, மறு கையால் உதவியாட்களைப் பறிப்பது — இதுதான் முதலாளித்துவத்தின் வைத்தியம்!

நமது நிலை

ஆகவே, இந்த வாலிபர்களை மையங்கள் ஏற்க வேண்டுமா என்ற கேள்விக்கு நமது பதில் இதுதான்: ஏற்கட்டும்; ஆனால் நிபந்தனையோடு ஏற்கட்டும். ஜனங்களுக்கு உழைக்க வரும் பிள்ளைகளைக் கருங்காலிகளாகப் பார்ப்பது தவறு. அவர்கள் நமது பிள்ளைகள். நமது சண்டை அவர்களை மலிவுச் சரக்காக்கும் முறையோடுதான்.

முதலாவது, ஒரே வேலையை இரண்டு தவணைக்கு மேல் சேவை உறுப்பினர்களே செய்து வந்தால், அதை நிரந்தர வேலையாக்கி, சங்கக் கூலி கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் உழைத்தவருக்கே முதல் உரிமை தர வேண்டும்.

இரண்டாவது, படி என்ற பெயர் எதுவாக இருந்தாலும், அது வயிறு நிறையும் கூலியாக இருக்க வேண்டும். சங்கம் சேரும் உரிமையும் வேலை போனால் நிவாரணமும் வேண்டும்.

மூன்றாவது, எத்தனை பேரை ஏற்பது, எந்த வேலைக்கு ஏற்பது என்பதை நோயாளிகள் பெரும்பான்மையாக உள்ள நிர்வாகக் குழு, ஊழியர் சங்கத்தோடு உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். நாம் மேலே குறிப்பிட்ட சட்டத்தின் பலன் இங்கேதான். பண்ணைக் கூலியும் நகரத் தொழிலாளியும் அந்த நாற்காலிகளைப் பெயருக்கு வைத்திருக்காமல், பட்ஜெட்டைப் பிரித்துக் கேள்வி கேட்க வேண்டும்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? 2005-ல் தொடங்கிய கிராமப்புற சுகாதார இயக்கத்தில் ஏறக்குறைய 10 லட்சம் ஆஷா சகோதரிகள் உழைக்கிறார்கள். 2022-ல் உலக சுகாதார ஸ்தாபனமே அவர்களுக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது. ஆனால் அவர்கள் 'தன்னார்வலர்கள்', கிடைப்பது ஊக்கத்தொகை! இத்திட்ட ஊழியர்களைத் தொழிலாளிகளாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013-ல் 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு சிபாரிசு செய்தது. தமிழ்நாட்டில் 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு வீடாக மாத்திரை கொண்டு செல்லும் பெண்களுக்கும் 'தன்னார்வலர்' என்ற பெயர்தான் சூட்டப்பட்டது.

மவுண்ட் பேயூவில் பட்டினியைப் பட்டினி என்று சொன்ன பிறகே அதற்கு மருந்து கிடைத்தது. அது போலவே, உழைப்பை உழைப்பு என்று சொன்னால்தான் அதற்கு உரிமை கிடைக்கும். உங்கள் வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டு வரும் சகோதரியிடம் என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். மில் கேட்டிலும், வயல் வரப்பிலும், சங்கக் கூட்டத்திலும் அவர்களுடைய கோரிக்கையை நம் கோரிக்கையாக வையுங்கள். தொண்டர் என்று புகழ்ந்து கூலியை மறைக்கும் முறைக்கு இரு நாட்டிலும் முடிவு கட்டுவோம்!