கருத்து என்ன என்று கேட்காதீர்கள்

கல்லூரி வளாகத்தில் ஒரு சிற்பத்தையோ சுவரோவியத்தையோ அமைக்க மாணவர்கள் திட்டம் எழுதிக் கொடுத்தால், தேர்வுக்குழு முதலில் கேட்பது ‘இதன் கருத்து என்ன?’ என்பதைத்தான். நல்ல திட்டங்களைக் கொல்வது இந்தக் கேள்விதான் என்பது என் கட்சி. கேள்வியை முன்கூட்டியே அறிந்த மாணவர் பதிலை எழுதிவிட்டுப் பிறகு அதற்கேற்ற உருவத்தைத் தேடுகிறார். ஒற்றுமைக்குக் கோத்த கைகள், அறிவுக்குத் திறந்த புத்தகம், சமாதானத்துக்குப் புறா. (நமது சிறுகதைப் போட்டி நடுவர்களுக்கும் இந்த வியாதி உண்டு. அதைத் தனியே பேசவேண்டும்.)

1981-இல் வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சின்னத்துக்காக நடந்த போட்டியைப் பாருங்கள். 1,421 திட்டங்கள் வந்தன. பெயர்களை மறைத்து எண்களை மட்டும் இட்டிருந்தார்கள். எட்டுப் பேர் கொண்ட குழு ஒருமனதாகத் தேர்ந்தது 1026 என்ற எண்ணை. அதற்குரியவர் யேல் பல்கலைக்கழகத்தின் 21 வயது இளநிலை மாணவி மாயா லின். இறந்தோர் நினைவுக் கட்டடங்கள் பற்றிய வகுப்பில் செய்த பயிற்சி அது. வகுப்பில் அதற்கு ‘பி’ தரம்தான் கிடைத்தது என்பார்கள்.

அவர் அனுப்பியவை பார்வைக்கு மிகச் சாதாரணமான சில பேஸ்டல் படங்களும் ஒரு பக்கக் கட்டுரையும். அந்தக் கட்டுரை போரைப் பற்றித் தீர்ப்பு எதுவும் வழங்கவில்லை. புல்வெளியில் நடந்து வருகிறவர் முன் நிலம் எப்படிப் பிளந்திருக்கும், சுவர் எப்படி உயர்ந்து வரும், மாண்டவர் பெயர்கள் எந்த வரிசையில் நிற்கும் என்பதைத்தான் சொன்னது. அகரவரிசையை விட்டு, உயிரிழந்த நாளின் வரிசையில் பெயர்கள். கருத்தைத் தேடியவர்கள் பிறகு வந்தார்கள். கறுப்புச் சுவர் அவமானச் சின்னம் என்றார்கள், கொடி வேண்டும், வீரர் சிலை வேண்டும் என்றார்கள். 1984-இல் ஃப்ரெடரிக் ஹார்ட்டின் மூன்று வீரர் சிலை அருகில் வந்து சேர்ந்தது. ஆனால் இன்றும் மக்கள் காகிதத்தை வைத்துத் தேய்த்து எடுத்துச் செல்வது சுவரில் உள்ள பெயர்களை.

பொதுவிடத்தில் நிற்கப்போவதைப் பற்றிக் குழு எதையுமே கேட்கக்கூடாதா என்று நண்பர்கள் மடக்கலாம். கடுமையாகவே கேட்கட்டும், ஆனால் கேட்கவேண்டியவை வேறு. 1969 மே மாதம் அதே யேலில், கட்டடக்கலை மாணவர்களின் முயற்சியால், எந்தக் குழுவும் அழைக்காமலேயே க்ளேஸ் ஓல்டன்பர்க்கின் சிற்பம் ஒன்று வளாகத்துக்குள் வந்து நின்றது. பீரங்கி வண்டியின் சங்கிலிச் சக்கரங்கள் மேல் ஒரு பிரம்மாண்டமான உதட்டுச்சாயக் குச்சி. போர் எதிர்ப்புக் காலம். கருத்து எவருக்கும் விளங்காமலில்லை. விளங்காமல் போனது மழையும் வெயிலும். ஒட்டுப்பலகையும் வினைலும் தாங்கவில்லை. அடுத்த ஆண்டே அகற்றினார்கள். எஃகில் மறுபடி செய்து 1974-இல் மோர்ஸ் கல்லூரி முற்றத்தில் வைத்தார்கள். குழு ஒன்று கூடியிருந்தால் மூன்று மணி நேரம் அதன் ஆபாசத்தை விவாதித்திருக்கும், பலகை நனைந்தால் என்னாகும் என்று ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

திட்டம் கொடுத்த மாணவர் மூன்று நான்கு ஆண்டுகளில் போய்விடுவார். அதன்பின் பழுது பார்ப்பது யார்? நூலகத்துக்குப் போகிறவர் எந்தப் பக்கமிருந்து இதைப் பார்ப்பார்? அருகில் உட்காரலாமா, தொடலாமா? திட்டத்தின் தரம் இந்தப் பதில்களில் தெரிந்துவிடும்.

1993-இல் மாயா லின் தம் பழைய வளாகத்துக்கே ஒரு படைப்பைச் செய்தார். யேலின் பெண்களை நினைவுகூர நூலகத்தின் முன் ஒரு கல்மேசை. ‘சமத்துவம்’ என்று விண்ணப்பத்தில் ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். அவர் செய்தது, 1701-இல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து ஆண்டுதோறும் பயின்ற பெண்களின் எண்ணிக்கையைச் சுருளாகக் கல்லில் பொறித்தது. தண்ணீர் ஊறிவரும் நடுப்பகுதியிலிருந்து, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக, வெறும் பூஜ்யங்கள்.