கடைமடைக்கும் தண்ணி வரும்!



"டிப்ளமோ படிக்கிறவனுக்கு எதுக்குடா இந்த வம்பு? அதெல்லாம் ஐ.ஐ.டி. பசங்க சமாச்சாரம்!" புரோகிராம் எழுதும் போட்டிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்ம பசங்க சொல்வது இதுதான். அது தவறு என்பதே என் கட்சி.

கூகுள் 2003-ல் 'கோட் ஜாம்' போட்டியைத் தொடங்கியது. ஃபேஸ்புக் 2011-ல் 'ஹேக்கர் கப்' என்றது. நம் நாட்டு டி.சி.எஸ். 2012-ல் 'கோட்விட்டா'வை ஆரம்பித்தது. கணக்கு கொடுப்பார்கள், குறித்த நேரத்துக்குள் புரோகிராம் எழுத வேண்டும். அவ்வளவுதான்!

இதில் என்ன சூட்சுமம்? ஒரு லட்சம் எண்களில் ஏதாவது ஒன்று இரண்டு முறை வந்திருக்கிறதா? ஒவ்வொன்றையும் மற்றதோடு ஒப்பிட்டால் சுமார் 500 கோடி தடவை பார்க்க வேண்டும். முதலில் வரிசைப்படுத்திவிட்டுப் பக்கத்து எண்ணை மட்டும் பார்த்தால் சுமார் 20 லட்சத்தில் முடிந்துவிடும். ஜெயிப்பது மெஷின் அல்ல, யோசனை!

யோசனை நமக்குப் புதுசா? மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷம், முறை வைத்துப் பாய்ச்சும்போது எந்த வயலை முதலில் காப்பாற்றலாம் என்று கையெழுத்துப் போடத் தெரியாத எங்கப்பா மனசிலேயே கணக்குப் போடுவார். இதுவும் போட்டிக் கணக்குதானே!

உண்மையான தடை ஆங்கிலம். கணக்கு ஒரு பக்கக் கதையாக வரும். முதல் தடவை உட்கார்ந்தபோது கேள்வி புரியவே எனக்குப் பாதி நேரம் போச்சு. மார்க் பூஜ்யம். அழுகையே வந்தது. மறுநாள் ஒரு சீனியர் அண்ணன் அதையே தமிழில் சொன்னார். பத்தே நிமிஷத்தில் போட்டுவிட்டேன்!

உடனே பரிசு கிடைக்குமா? கிடைக்காது. பெலாரஸ் நாட்டு கென்னடி கொரோட்கேவிச் 2014 முதல் 2020 வரை கோட் ஜாமில் தொடர்ந்து ஏழு முறை ஜெயித்தவர். அவரோடு நாளைக்கே மோத முடியுமா? அந்தப் போட்டியையே 2023-ல் கூகுள் நிறுத்திவிட்டது. கம்பெனி நடத்தும் திருவிழா, கம்பெனி நினைத்தால் நிற்கும். நாம் கற்ற யோசனை நிற்காது. கோட்செஃப், கோட்ஃபோர்சஸ் தளங்களில் பழைய கணக்குகள் இலவசமாகவே இருக்கின்றன. அங்கே யாரும் நம்மிடம் டிகிரி கேட்பதில்லை.

ஆகவே பேரவைக்கு ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் லேபைத் திறந்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் கணக்கைத் தமிழில் சொல்லட்டும். எல்லோரும் சேர்ந்து போடுவோம்.

கடைமடைக்குத் தண்ணி லேட்டாத்தான் வரும். வர்றப்போ வாய்க்கால் தூர்ந்து கிடந்தா யார் குற்றம்? இப்போதே வெட்டி வைப்போம், வாருங்கள்!

– இரண்டாம் ஆண்டு, கணிப்பொறித் துறை