நெய்வேலியில் கார் பளபளக்க நாலு பக்கெட் போதும்

செமஸ்டர் லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்குத் திரும்பியாச்சு. இந்தத் தடவை ஏஐ, பிளேஸ்மென்ட் பத்தியெல்லாம் எழுதப் போறதில்ல. எங்க வீட்டு காரைப் பத்தி எழுதப் போறேன். சிரிக்காதீங்க, மேட்டர் இருக்கு.

எங்க வீடு நெய்வேலி டவுன்ஷிப்ல ஒரு குவார்ட்டர்ஸ். அப்பா ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. போன வருஷம்தான் முதல் கார் வாங்கினார். செகண்ட் ஹேண்ட், கருப்பு கலர். தினமும் காலையில டீ குடிக்கறதுக்கு முன்னாடியே பழைய பனியன் துணியை எடுத்துட்டுப் போய் காரை முழுசா ஒரு தடவை துடைச்சுட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமைன்னா ஹோஸ் பைப் போட்டு குளியல். தெருவுல இவ்வளவு பாசமா பார்த்துக்கற கார் வேற கிடையாது.

லீவுல ஒரு நாள் ராத்திரி அந்த காரை தெருவிளக்குக்குக் கீழே நிறுத்தியிருந்தோம். பானெட் மேல பல்பைச் சுத்தி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு. அப்பா, "பழைய ஓனர் சரியா பார்த்துக்கல போல"ன்னார். எனக்கு சந்தேகம். வாங்கும்போது எடுத்த போட்டோவைத் தேடிப் பார்த்தேன். அதுல அந்தக் கோடு இல்ல. ஒரு வருஷமா நாங்களே போட்ட கோடுதான்.

இதை எழுதக் காரணம் அதுதான். நம்ம ஊர்ல காரோட பளபளப்பைக் கெடுக்கறதுல பெரிய பங்கு, தினமும் காய்ஞ்ச துணியால துடைக்கற நம்ம கைக்குத்தான். ஹோஸ் பைப்பும் தேவையே இல்ல. இந்த ரெண்டையும் நிறுத்தணும்னு சொல்றேன்.

முதல்ல பளபளப்புன்னா என்னன்னு பார்ப்போம். ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்தான். பரப்பு வழவழன்னு இருந்தா ஒளி ஒரே திசையில திரும்பி வரும், நம்ம முகம் தெரியும். கீறல் இருந்தா ஒளி சிதறும், மங்கலாத் தெரியும். இன்னிக்கு வர்ற கார்கள்ல கலர் பெயின்ட்டுக்கு மேல கிளியர் கோட்னு நிறமே இல்லாத ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கு. கனம் சுமார் 40, 50 மைக்ரான். நம்ம தலைமுடியை விட மெல்லிசு. அந்தப் படலம் வழவழன்னு இருக்கற வரைக்கும்தான் கார் பளபளக்கும். இன்னொரு விஷயம், அந்த வட்டக் கோடு உண்மையில வட்டமே இல்ல. கீறல் எல்லா திசையிலும் கிடக்கு. விளக்கோட ஒளியை நம்ம கண்ணுக்குத் திருப்பற கோணத்துல இருக்கறது மட்டும் தெரியறதால வட்டம் மாதிரி தோணுது. நீங்க நகர்ந்தா வட்டமும் கூடவே நகரும்.

இப்போ நம்ம ஊர் தூசிக்கு வருவோம். 1962-ல ஓட ஆரம்பிச்ச முதல் அனல் மின் நிலையம் 2020-ல மூடிட்டாங்க, ஆனா மத்ததெல்லாம் ஓடிட்டுத்தான் இருக்கு. புகைபோக்கிக்கு முன்னாடி சாம்பலைப் பிடிக்க இ.எஸ்.பி. இருந்தாலும் கொஞ்சம் வெளியே வரத்தான் செய்யும். அந்தச் சாம்பல் பெரும்பாலும் கண்ணாடி மாதிரி குட்டிக் குட்டி உருண்டைகள். இது போக, நிலக்கரிக்கு மேல இருக்கற மண்ணைத் தோண்டறாங்க இல்லையா? அது கடலூர் மணற்கல். அதுல நிறைய குவார்ட்ஸ். மோஸ் அளவுல குவார்ட்ஸோட கடினம் 7. கத்தி இரும்பையே கீறும். பிளாஸ்டிக் படலம் எம்மாத்திரம்? ராத்திரி பனியில இந்தத் தூசி எல்லாம் ஒட்டி, காலையில காய்ஞ்சு இருக்கும்போது நாம பனியன் துணியை வெச்சு அழுத்தித் தேய்க்கறோம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கற மாதிரிதான்.

"நாங்க துடைக்கறதில்ல, ஆள் வெச்சிருக்கோம்"னு சிலர் சொல்வீங்க. காலையில சைக்கிள்ல வர்ற அண்ணன், ஒரே பக்கெட், ஒரே துணி, வரிசையா ஆறு கார். முதல் கார்ல எடுத்த மணல் ஆறாவது கார் மேல போகுது. அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன். மாசத்துக்கு நாம கொடுக்கற காசுக்கு அவ்வளவுதான் முடியும். தினமும் வர வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள் வாங்கண்ணே, அதே காசு தர்றோம்னு சொல்லி, நம்ம வீட்டு பக்கெட்டையும் துணியையும் கொடுத்தா ரெண்டு பேருக்கும் நல்லது.

சரி, எப்படிக் கழுவறது? லீவுல நாலு வாரம் நானே கழுவிப் பார்த்த முறை இது. அதிகாலை அல்லது சாயங்காலம், நிழல்ல, பானெட் ஆறினதுக்கு அப்புறம் ஆரம்பிக்கணும். வெயில்ல கழுவினா தண்ணி சீக்கிரம் காய்ஞ்சு அதுல இருக்கற சுண்ணாம்பு உப்பு வெள்ளைப் புள்ளியா நின்னுடும்.

முதல் பக்கெட், வெறும் தண்ணி. மக்ல மொண்டு கூரையில இருந்து கீழே மெதுவா ஊத்தணும். கை வைக்கக் கூடாது. பாதி மணல் இதுலயே போயிடும். ரெண்டாவது பக்கெட்ல கார் ஷாம்பு. மூணாவது பக்கெட், துணியை அலச மட்டும். ஒவ்வொரு பகுதியையும் தேய்ச்சதும் துணியை மூணாவதுல அலசிப் பிழிஞ்சிட்டுத்தான் ஷாம்புல முக்கணும். முடிஞ்சதும் அந்த பக்கெட் அடியில பாருங்க, ஒரு பிடி மணல் இருக்கும். ஒரு வருஷமா பானெட் மேல தேய்ச்சது அதைத்தான். மேல இருந்து கீழே, நேர்க் கோட்டுல, அழுத்தாம தேய்க்கணும். வீலுக்குத் தனித் துணி. நாலாவது பக்கெட்ல அலசிட்டு, மைக்ரோஃபைபர் டவலை விரிச்சு ஒத்தி எடுத்தா முடிஞ்சது.

துணி சோப்புத் தூள், பாத்திரம் தேய்க்கற லிக்விட் ரெண்டும் வேண்டாம், மேல இருக்கற வாக்ஸை அது எடுத்துடும். பாலிஷும் வாக்ஸும் ஒண்ணுன்னு நானும் நெனச்சிட்டு இருந்தேன். பாலிஷ் கிளியர் கோட்டை நுண்ணிசா அரைச்சு சமமாக்கும். அதாவது ஒவ்வொரு தடவையும் படலம் கொஞ்சம் குறையும். அதனால அடிக்கடி கூடாது. வாக்ஸ் மேல பூசற பாதுகாப்பு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடலாம். கழுவின பிறகு கையில ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிட்டு பானெட்டைத் தடவிப் பாருங்க. சொரசொரன்னு இருந்தா இன்னும் தூசி ஒட்டியிருக்கு, வாக்ஸ் போடாதீங்க.

இப்போ தண்ணி விஷயம். எங்க வீட்டு ஹோஸ் பைப்புல 15 லிட்டர் பக்கெட் ஒரு நிமிஷத்துல நிறையுது. அப்பாவோட ஞாயிறு குளியல் 20 நிமிஷம். கணக்குப் போட்டா 300 லிட்டர். நாலு பக்கெட்னா 60. "நெய்வேலியில தண்ணிக்கு என்ன பஞ்சம்?"னு அப்பா கேட்டார். டவுன்ஷிப்ல வளர்ந்த எல்லாரும் கேக்கற கேள்விதான். நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோட நிக்கற நிலத்தடி நீரை ராப்பகலா இறைச்சாத்தான் சுரங்கத்தையே நடத்த முடியும். அந்த ஊத்தைப் பார்த்தே வளர்ந்ததால, தண்ணின்னா வெளியே தள்ள வேண்டிய பொருள்னு நமக்கு மனசுல பதிஞ்சு போச்சு.

ஆனா 2017 வறட்சியில சென்னை குடிக்கறதுக்கு இங்கிருந்து வீராணம் குழாய் வழியா தண்ணி போச்சு. பெங்களூர்ல 2024 மார்ச்ல குடிநீர்ல கார் கழுவினா 5,000 ரூபாய் அபராதம்னு அறிவிச்சாங்க. அவ்வளவு தூரம் கூட போக வேண்டாம். என் ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தன், பக்கத்து கிராமம். ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்தப்போ ஹோஸ் ஓடிட்டு இருந்துச்சு. ஓடற தண்ணியையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "எங்க போர்ல மோட்டார் போட்டா பத்து நிமிஷத்துல காத்துதான்டா வருது"ன்னான். கோபமா சொல்லல. அப்பா எழுந்து போய் குழாயை மூடினார்.

ஒரு சுரங்கம் இறைக்கற தண்ணி முன்னாடி என் 240 லிட்டர் ஒண்ணுமே இல்லன்னு எனக்கும் தெரியும். என் பக்கெட்டால அவன் போர்ல தண்ணி ஏறாது. அந்தப் பெரிய கணக்கைக் கேக்க வேண்டிய இடம் வேற, அதைக் கேக்கவும் வேணும். ஆனா கழுவின காருக்கு முன்னாடி அவன் மூஞ்சியைப் பார்த்துப் பேசற மாதிரியாவது நான் இருக்கணும்ல? அதுவும் தண்ணி குறைச்சலா செலவு பண்ற முறையே பெயின்ட்டுக்கும் நல்லதா இருக்கும்போது?

அப்பா பாதிதான் மாறியிருக்கார். ஹோஸை நிறுத்திட்டார். காலையில கை சும்மா இருக்க மாட்டேங்குதாம். அதனால உள்ளே இருக்கற டாஷ்போர்டை மட்டும் துடைச்சுக்கறார். போன வாரம் போன்ல, "மூணாவது பக்கெட்ல இப்பல்லாம் மணல் கம்மியாத்தான்டா இருக்கு"ன்னார்.

அடுத்த தடவை ஊருக்குப் போனா ராத்திரி உங்க வீட்டு வண்டியையும் தெருவிளக்குக்குக் கீழே நிறுத்திப் பாருங்க. பைக்கா இருந்தாலும் சரி, டேங்க்ல தெரியும்.